கோபுரத்து லைட் எங்கண்ணா?

கிட்ட வந்து உட்காருங்கள். முதலில் அந்த ஜன்னலைச் சாத்துங்கள்... மழைச் சத்தம் கேட்டால் எனக்கு இந்தக் கதை வாயில் வராது.

போன டிசம்பர். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். மாடம்பாக்கம் ஏரிக்கரை ரோடு. புயல் மழை... கரண்ட் இல்லை... ஒரு நாய்கூட இல்லை. நம்ம ஞானஜோதியின் பெரியம்மா மகன் வில்பிரட், நின்றுபோன பைக்கைத் தள்ளிக்கொண்டு தனியாக வருகிறான். ஒரு வருஷமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். ஏன் என்று கேளுங்கள்.

முந்தின டிசம்பரில் அவன் அந்த ஏரிக்கரைச் சர்ச்சில் வேலை பார்த்தான். மணி அடிப்பது, பூட்டுவது, கோபுர உச்சியில் சிவப்பு விளக்குப் போடுவது. விமான ஓடுபாதைக்கு நேரே நிற்கும் கோபுரம். தாழ்வாக வரும் பிளேனுக்கு அந்த விளக்குதான் எச்சரிக்கை. கிறிஸ்மஸுக்கு அதே உச்சியில் நட்சத்திரமும் கட்டுவார்கள் இல்லையா? கட்ட வந்தவன் ஜாய்சன். வில்பிரட்டின் தங்கை ஜெரூஷாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலைகூட வாசித்தாகிவிட்டது.

“மச்சான், தனியா வயர் இழுக்க டைம் இல்ல. லைட்டைக் கழட்டிட்டு அந்த வயர்லயே ஸ்டாரை மாட்டிடுறேன்.”

“வேணாம்டா, வம்பு.”

“சரி, சரி, லைட்டையும் திரும்ப மாட்டிட்டுதான் இறங்குவேன். சாவியக் குடு.”

இறங்கி வந்து, “மாட்டிட்டேன் மச்சான்” என்றான். கொட்டுகிற மழையில் யார் அண்ணாந்து பார்ப்பது? மாப்பிள்ளை சொன்னதை வில்பிரட் நம்பினான்.

அன்று ராத்திரியே... சின்ன மிலிட்டரி பிளேன். ஒரே ஒரு பைலட். உச்சியில் சிவப்பு விளக்கு இல்லை; வெள்ளை நட்சத்திரத்தை ஏதோ வீட்டு விளக்கு என்று நினைத்தானோ என்னவோ. மேகத்தைவிட்டுக் கீழே வந்தால் எதிரே கோபுரம். சடாரென்று திருப்பியதில் இறக்கை ஏரியில் பட்டு, மூக்கு சேற்றில் செருகிக்கொண்டது. முதலில் இறங்கி ஓடியது வில்பிரட்தான். ஒரே மண்ணெண்ணெய் நாற்றம். அந்தப் பையன் இவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“அண்ணா... கோபுரத்து லைட் எங்கண்ணா?”

அவ்வளவுதான். உயிர் போய்விட்டது, பிடி விடவில்லை.

விசாரணையில் ஜாய்சன் வாய் கூசாமல் சொன்னான்: “சாவி வில்பிரட்கிட்டதான் சார் இருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது.”

வில்பிரட் உண்மையைத் தங்கையிடம் மட்டும் சொன்னான். அவள் அண்ணன் காலைப் பிடித்து அழுதாள், “என் வாழ்க்கையே போயிடும்ணா, வெளிய சொல்லாத.” சொல்லவில்லை. இவன் வேலை போனது, அவள் கல்யாணம் நடந்தது.

இப்போது அந்த ரோட்டுக்கு வாருங்கள்.

தலைக்கு மேலே பிளேன் சத்தம்... கர்ர்... கர்ர்... நின்றுவிட்டது. மழை வாசனையைத் தாண்டி மண்ணெண்ணெய். பின்னால் ஈர பூட்ஸ். சளக்... சளக்... மணிக்கட்டில் சில்லென்று ஒரு பிடி.

“அண்ணா... கோபுரத்து லைட் எங்கண்ணா?”

ஒரு வருஷம் அடக்கிவைத்தது பொத்துக்கொண்டு வந்தது. “நான் இல்லப்பா! ஜாய்சன்தான் கழட்டினான். என் தங்கச்சி புருஷன்!”

பிடி விட்டது. சளக்... சளக்... தூரத்தில் போய் அடங்கியது. அப்புறம்தான் பாவிக்கு உறைத்தது, அந்த வீட்டில் தங்கையும் இருக்கிறாள் என்று. பதறிப்போய்ப் போன் போட்டான்.

“அண்ணா, வாசல்ல யாரோ நனைஞ்சுகினு நிக்கிறாங்க... ஒரே கிரசின் நாத்தம்...”

“கதவைத் தொறக்காத ஜெரூ!”

கதவு திறக்கிற சத்தம். ஜாய்சனின் நடுங்கும் குரல்: “நான் இல்ல சார்... சாவி வில்பிரட்கிட்ட...” இது வில்பிரட் எதிர்பார்த்ததுதான். பிறகு இன்னொரு குரல், மெதுவாக: “நீங்க சொல்லுங்கக்கா. யாரு?”

அப்புறம் ஜெரூஷா, தெளிவாக:

“எங்கண்ணன்தாங்க.”

போன் கட்டாகிவிட்டது.

அங்கே நின்றபடியே அவன் ஞானஜோதியைப் போனில் கூப்பிட்டு அத்தனையும் சொன்னான். “ஓடிடுண்ணா!” என்று கத்தினாள் அவள்.

“எங்க ஓட? எந்தத் தங்கச்சிக்காக வாய மூடிகினு இருந்தேனோ, அவளே சொல்லிட்டாளே ஜோதி.”

பைக்குக்கு ஸ்டாண்ட் போடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அதற்குப் பின்னால்... சளக்... சளக்...

“அண்ணா... நீங்கதானா?”