கவர் கட்சியும் துணிப்பைக் கட்சியும்

— இன்னுமா சொல்லலை? மணி ரெண்டாச்சு. நாலு மணிக்குக் கூட்டம்.

— மெதுவாப் பேசுங்க, அத்தை காதுல விழுந்துடப் போகுது. எப்படிங்க சொல்றது? "அத்தை, மார்க்கெட்ல பிளாஸ்டிக் கவரே கூடாதுன்னு நீங்க பேசி உக்காந்ததும், கவர் வேணும்னு எழுந்து பேசப் போறது உங்க மருமகதான்"னா?

— அப்படியே சொல்லேன். நல்லாத்தானே இருக்கு.

— உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. மூணு மாசமா அவங்க ஒவ்வொரு கடையா ஏறி இறங்கி, நாப்பது கடைக்காரங்களையும் இன்னைக்குக் கை தூக்க வர வச்சிருக்காங்க. நான் போய் எதிர்ல நின்னா அந்த மனசு தாங்குமா? ஆறு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு நாள் முகம் கோணினதில்லை. அது இன்னையோட போயிடுமோன்னு பயமா இருக்குங்க.

— அப்ப உங்க கவர் கம்பெனியில முடியாதுன்னு சொல்லிடு.

— அதுவும் முடியலையே! மார்க்கெட் கைவிட்டுட்டா மெல்லிசு கவர் மெஷினை நிறுத்திடுவாங்க. அதுல பதினோரு பொம்பளைங்க. தினமும் என்னோட உக்காந்து சாப்பிடறவங்க. அவங்களுக்காக யாராவது வாயைத் திறக்க வேணாமா?

— அங்கே என்ன புருஷனும் பொண்டாட்டியும் குசுகுசுன்னு? டேய், கடையைப் பூட்டிட்டு சாப்பிட வந்தவன் சாப்பிட்டியா இல்லையா?

— ஆச்சும்மா. நான் கிளம்பறேன். எனக்கெதுக்கு வம்பு.

— எங்கே கிளம்பறே? உக்காரு. மார்க்கெட்ல பக்கெட்டு, விளக்குமாறு விக்கறவனா இருந்தாலும் உனக்கும் ஒரு ஓட்டு இருக்கு. அம்மாடி, நீயும் வா. பேச்சை ஒரு தடவை வாசிச்சுக் காட்டறேன், கேளு. முப்பத்தஞ்சு வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல முகம் தெரியாத ஆளுங்ககிட்டயே பேசின வாய் இது. நாலு பேரை நேருக்கு நேர் பார்த்தா நாக்கு மேல ஒட்டிக்குது.

— அத்தை, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்...

— அப்புறம். நடுவுல லைனைக் கட் பண்ணாதே. கேளு: "அன்பார்ந்த வியாபாரப் பெருமக்களே! நீங்கள் கொடுக்கும் ஒரு கவர் ஆயிரம் ஆண்டுகள் ஆனாலும் மக்காது!"

— இது பாஸாகாது அத்தை.

— ஏனாம்?

— "ஆயிரம் வருஷம் உக்காந்து பார்த்தது யாரு?"ன்னு முதல் வரிசையிலயே கேப்பாங்க. கவர் வந்தே நூறு வருஷம் ஆகலை. "இன்னைக்கு நீங்க கொடுக்கற கவர், உங்க கொள்ளுப்பேரன் கடை திறக்கறப்பவும் எங்கேயாவது கிடக்கும்"னு சொல்லுங்க. யாராலும் மடக்க முடியாது.

— ம்க்கும்... ம்க்கும். நீ என்ன செய்யறேன்னு தெரிஞ்சுதான் செய்யறியாம்மா தாயே?

— பழக்கதோஷங்க. நாள் பூரா செக்கிங் மேஜையில கவரைத் தூக்கித் தூக்கிப் பார்க்கற கை. ஓட்டை தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டேங்குது.

— இவன் எதுக்குடி இருமறான்? தொண்டைக்கு ஏதாவது குடிடா. அடுத்தது கேளு: "துணிப்பையால் ஒரு கெடுதலும் இல்லை!"

— ஐயய்யோ, இதுவும் பாஸாகாது. பருத்தி விளையறதுக்கும் சாயம் போடறதுக்கும் எவ்வளவு தண்ணி போகுது! ஒரே பையை வருஷக்கணக்கா தூக்கினாத்தான் துணிப்பைக்கு மரியாதை. "உங்க வீட்ல எத்தனைம்மா வச்சிருக்கீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டா என்ன சொல்லுவீங்க?

— நாலோ அஞ்சோ இருக்கும்.

— பதினேழும்மா. ரூம் கதவுக்குப் பின்னாடிதான் தொங்குது. அந்தக் கதவு முழுசாத் திறந்தே ஆறு மாசமாச்சு. நான் ஒருக்களிச்சுத்தான் உள்ளே போறேன்.

— நீ ஒருக்களிக்கறதுக்குக் காரணம் பை இல்லடா, உன் தொப்பை. கூட்டத்துக்குக் கூட்டம் ஆளுக்கு ஒரு பைன்னு கையில திணிச்சுடறாங்க. வேண்டாம்னா சொல்ல முடியும்?

— சொல்லணும் அத்தை. "வீட்டுக்கு ரெண்டு பை போதும், நைஞ்சு நாராகற வரைக்கும் அதையே தூக்குவோம்"னு நீங்களே முந்திக்கிட்டு சொல்லிடுங்க. கேக்க வந்தவன் வாயடைச்சுப் போவான்.

— இரு, எழுதிக்கறேன். அந்த மீன்காரர் இருக்காரே, அவரை நினைச்சாத்தான் பயம். "சொட்டச் சொட்ட மீனை வெட்டித் தர்றேன், துணிப்பையில வாங்கிட்டுப் போவியா?"ன்னு போன வாரமே நடுச்சந்தையில மானத்தை வாங்கிட்டார்.

— மூடி போட்ட டப்பா கொண்டு வர்றவங்களுக்கு முதல்ல வெட்டிக் கொடுங்கன்னு சொல்லுங்க. வரிசையில முந்தலாம்னு தெரிஞ்சா மறுநாளே ஊரே டப்பாவோட வந்து நிக்கும்.

— அடி சக்கை! இந்த மூளையை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?

— அம்மா, நான் கடையைத் திறக்கணும்மா...

— திறக்கலாம். முதல்ல சொல்லு, இன்னைக்கு எந்தப் பக்கம் கை தூக்கப் போறே?

— ரெண்டு கையையும் தூக்கிடறேன்.

— அதுக்குப் பேரு ஓட்டு இல்லடா, சரண்டர்.

— அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? போன மழையில பின்னாடி கால்வாய் அடைச்சு, வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நின்னுச்சே. அது உங்க பேச்சுல எங்கே?

— அது எதுக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

— ராத்திரி பூரா நீங்க பக்கெட்டால இறைச்சு, கை வீங்கிப் போனது எல்லாருக்கும் தெரியுமா? விடிஞ்சதும் நாம மூணு பேரும் கால்வாய்க்குள்ள இறங்கி அள்ளிப் போட்டோமே, பத்து மூட்டைக் கவரு! அதைத்தானே முதல்ல சொல்லணும்? ஏன் விட்டீங்க?

— மறந்துட்டேன்.

— அத்தை...

— சரி, கேளு. அள்ளிப் போட்டதுல முக்கால்வாசி உங்க கம்பெனி முத்திரை போட்டது. நீ தூக்கிப் பார்த்து, நல்லாருக்குன்னு அனுப்பினது. அதைக் கையில வச்சுக்கிட்டு சேத்துல நின்னப்ப உன் முகம் போன போக்கு இருக்கே, என்னால பார்க்க முடியலை. அதை மேடையில போட்டு உடைச்சு, என் வீட்டுப் பொண்ணை ஊர் முன்னாடி கூனிக் குறுக வைக்கணுமா? கால்வாய் இல்லாமயே ஜெயிச்சுக்கறேன், போ.

— சொல்லுங்க அத்தை. முத்திரையோட சொல்லுங்க. உங்க பேச்சுலயே பலமான இடம் அதுதான். அதை விட்டுட்டுப் போனா நானே உங்களை பாஸ் பண்ண மாட்டேன்.

— அழறியாடி?

— இல்லை. ஆமா. அத்தை, இன்னைக்குக் கவர் பக்கம் பேசப் போறது நான்தான். கம்பெனி சார்பா. நாலு நாளா சொல்லணும் சொல்லணும்னு உங்க பின்னாலயே சுத்தறேன், வாய் வரலை. என்னை மன்னிச்சுடுங்க.

— அம்மா... தண்ணி கொண்டு வரவா?

— நீ வாயை மூடு. ஏன்டி, அப்போ அரை மணி நேரமா என் பேச்சுல இருக்கற ஓட்டையெல்லாம் நீயே அடைச்சியே, இனிமே நீ எது வழியா உள்ளே வருவே?

— அதான் எனக்கும் புரியலை அத்தை.

— பைத்தியக்காரி! சண்டைக்குப் போற இடத்துல எதிராளி கத்தியை உக்காந்து தீட்டிக் கொடுத்திருக்கா! டேய், கட்டினாலும் கட்டினே, இப்படி ஒருத்தியை!

— சிரிக்கறீங்களா அத்தை?

— சிரிக்காம என்ன பண்றது? கண்ணைத் துடை. எடு உன் பேச்சை. வாசி.

— "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! எங்கள் நிறுவனம் தரமான பொருள்களை..."

— பாஸாகாது.

— அத்தை!

— நிறுவனமாவது மண்ணாவது! அந்தப் பதினோரு பொம்பளைங்க எங்கே? எத்தனை மணிக்கு எழுந்து, எத்தனை பஸ் மாறி வர்றாங்க, அவங்களை நம்பி வீட்ல யாரு யாரு இருக்காங்க, அதைச் சொல்லு. மெஷினை நிறுத்தாதேன்னு கெஞ்சாதே. அதே கைகளுக்கு வேற என்ன வேலை கொடுக்கலாம்னு கேளு.

— தடிமனா பை பண்ணலாம் அத்தை! வருஷக்கணக்கா தூக்கற மாதிரி. பழசானா திருப்பி வாங்கி உருக்கிடலாம். நான் ஒண்ணு செஞ்சு, உள்ளே ரெண்டு செங்கல்லைப் போட்டு ஒரு வாரம் தொங்க விட்டேன், காது அறுந்து வரலை. முதலாளிகிட்ட காட்டினேன், காதுல போட்டுக்கலை.

— வாங்கற கடைக்காரங்க நாப்பது பேர் முன்னாடி காட்டு, தன்னால போட்டுக்குவார். செங்கல்லோட எடுத்துட்டு வா. அதுதான் உன் முதல் வரி.

— ஒரு நிமிஷம். இப்போ யாரு எந்தக் கட்சி? எனக்குத் தலை சுத்துதும்மா.

— உனக்கு எதுக்கு அது? போய்க் கடையைத் திற. நாலு மணிக்கு வந்து ரெண்டு பேர் பேசறதையும் முழுசாக் கேட்டுட்டுக் கையைத் தூக்கு. ஒரே ஒரு கை.

— போறேன், போறேன்.

— அத்தை, நிஜமாவே கோபம் இல்லையே? சத்தியமா நானாக் கேட்டுப் போகலை. பேச்சுல மன்னன் மாதிரி மேனேஜர் இருக்கார். அவரை விட்டுட்டு, மூலையில மேஜை போட்டு உக்காந்திருக்கறவளைக் கூப்பிட்டு "நீதான் போகணும்"னு ஏன் சொன்னாங்கன்னே தெரியலை.

— ஏன்னா, "அந்தப் பதினோரு பேரைப் பத்திப் பேச என் மருமகளை அனுப்புங்க, இல்லேன்னா நான் கூட்டற கூட்டத்துல உங்க பக்கத்துக்கு மேடையே கிடையாது"னு போன வாரம் உங்க மேனேஜருக்குப் போன் போட்டது நான்தான்டி கண்ணு.