திருட்டுக் காப்பியில் ஒரு மாடி விளக்கு

...இல்ல தம்பி, அதெல்லாம் அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சு. உங்க ஆபீசுக்குப் போன் பண்ணா, பதிவு பண்ணி வச்ச ஒரு அம்மா குரல் அதையேதான் சொல்லுது, மோடத்தை அணைச்சுப் போடுங்க, அணைச்சுப் போடுங்கன்னு. அணைச்சேன், போட்டேன். வயரைப் புடுங்கினேன், சொருகினேன், சட்டையால தொடச்சேன், வாயால ஊதக்கூட ஊதிட்டேன். அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் அப்படியே நின்னு என்னை மொறைக்குது. நேத்துலேருந்து இதே கதைதான். செல்லுலயும் வரல. வீட்டுல இருக்கிற ரெண்டு செல்லும் உங்க கம்பெனிதான், எல்லாம் ஒரே பேர்ல வாங்கினது... பேசலாம், நெட் மட்டும் கிடையாது. மலிவா தர்றானேன்னு எல்லாத்தையும் ஒரே எடத்துல வாங்கினா இப்படித்தான்.

ஏணியை இந்தச் சுவத்துல சாச்சுக்குங்க. அந்தப் பக்கம் வேணாம், அது என் வீட்டுக்காரி படம் வரையற மேசை. பென்சில் கொஞ்சம் நகந்திருந்தாலும் கண்டுபிடிச்சுடுவா. உள்ள மழைச் சத்தம் கேக்குதில்ல? ஜன்னலைப் பாக்காதீங்க, வெளிய நல்ல வெயில். அது கேம் சத்தம். உள்ள ஆடிக்கிட்டிருக்கா. அதுக்கும் வர்றேன்.

நெட் இல்லாம ஒரு நாள் சும்மா இருக்க முடியாதா இந்த மனுஷனுக்குன்னு நெனைப்பீங்க. வேற நாளா இருந்தா இருந்திருப்பேன். இப்ப அங்க என்னைப் போட்டுக் கிழிச்சுக்கிட்டிருப்பானுங்க. நான் பதில் சொல்லல. பதில் சொல்லலைன்னா என்ன அர்த்தம்? ஆளு ஓடிட்டான்னு அர்த்தம்.

எங்கயா? குரூப்புல. கேம் ஆடறவங்க, கேம் செய்யறவங்க, ரெண்டும் இல்லாம வெறும் அபிப்பிராயம் சொல்றவங்க, எல்லாரும் இருக்கிற ஒரு குரூப். மூணாவது வகைதான் ஜாஸ்தி. நான் பகல்ல டயர் கடையில பில் போடறவன். சாயங்காலம் வந்து மூஞ்சி கழுவி உக்காந்தேன்னா அங்கதான். அங்க என் பேரு நேர்மை நெஞ்சன். நானே வச்சுக்கிட்டதுதான், வேற யாரு வைப்பா.

என்ன சண்டையில்ல அங்க. கம்ப்யூட்டர்ல ஆடறவன்தான் ஆளு, டிவியில சொருகி ஆடறவன் குழந்தைப் பையன்னு ஒரு சண்டை. செல்போன்ல ஆடறது கேமே இல்லைன்னு ஒருத்தன் பக்கம் பக்கமா எழுதுவான், அதையும் செல்போன்லேருந்துதான் எழுதுவான். எல்லா சண்டையும் சுத்திச் சுத்திக் கடைசியில ஒரே எடத்துல வந்து நிக்கும். காசு குடுத்து வாங்கறதா, திருட்டுக் காப்பி எறக்கறதா. அங்கதான் நான் எறங்குவேன்.

எனக்கு எதிர்க்கட்சி யாருன்னா, ஓசி மன்னன்னு ஒரு ஆளு. யாரு, என்ன வயசு, என்ன வேலை, ஒண்ணும் தெரியாது. பேசறது மட்டும் அவ்வளவு நிதானம். அதான் எரிச்சலே. கெட்ட வார்த்தை சொன்னான்னா நாலு திட்டு திட்டிட்டுப் போயிடலாம். இவன் சாந்தமா கேள்வி கேப்பான். கம்பெனியே விக்கறத நிறுத்திட்ட பழைய கேமை நான் எங்க போய் வாங்கறதுங்கறான். காசு குடுத்து வாங்கின கேமை அவன் ஒரு நாள் நிறுத்திட்டா அப்ப யாரு திருடன்ங்கறான். நான் விடுவனா? இட்லிக் கடை... இல்ல, எந்தக் கடையானாலும், கடை மூடிட்டான்னு பூட்டை ஒடச்சு உள்ள போவியான்னு கேட்டேன். எழுபது பேரு அதுக்குக் கட்டை விரல் காட்டினாங்க. மேல காட்டினாங்களா கீழ காட்டினாங்களான்னு நான் எண்ணிப் பாக்கல.

ஏன் இவ்வளவு வேகம்னா, தம்பி, நானும் ஒரு கேம் செஞ்சவன். ஆமா, இந்த ரூம்ல, இந்த நாற்காலியில. நானும் இவளும். புரோகிராம் எழுதினதெல்லாம் நான், படமெல்லாம் அவ. ஒரு தெரு, மழை, காத்துல ஒரு கொடை பறந்து போகும், நீங்க பின்னாலயே ஓடிப் புடிக்கணும். அவ்வளவுதான். சுட மாட்டீங்க, குத்த மாட்டீங்க. கொடையப் புடிச்சு, தெருக்கோடியில நனைஞ்சுக்கிட்டு நிக்கற பொண்ணுகிட்ட குடுக்கணும். அந்தத் தெருவ வரைய அவளுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. சைன் போர்டு கடையில வேலை செய்யற கை. பகலெல்லாம் மத்தவங்க கடைப் பேரை எழுதிட்டு வந்து, சாயங்காலம் இந்தத் தெருவுக்குக் கல்லு கல்லா வைப்பா.

மூணு பேரு வாங்கினாங்க. ஒருத்தர் என் தங்கச்சி வீட்டுக்காரர். இன்னொருத்தர் தெரியாம அமுக்கிட்டேன்னு காசத் திருப்பிக் கேட்டாரு. மூணாவது நான்தான், பணம் ஒழுங்கா வருதான்னு சோதிக்கறதுக்கு.

ஆனா பூட்டு போட்டேன் பாருங்க, அது பூட்டு. கேமைத் தெறக்கும்போதெல்லாம் அது நெட்டுல போய் கேக்கும், இந்த ஆளு காசு குடுத்த ஆளுதானான்னு. ஆமான்னு பதில் வந்தாத்தான் தெறக்கும். குரூப்புல இதப் பெருமையா சொன்னேன். அந்த ஓசி மன்னன் என்ன சொன்னான் தெரியுமா? நெட் போச்சுன்னா காசு குடுத்தவன் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், திருடினவன் ஜாலியா ஆடுவான், அப்ப உங்க பூட்டு யாருக்குங்கன்னான். நான் சிரிச்சேன். சிரிக்கிற பொம்மையா வரிசையா போட்டேன்.

நேத்து நெட் போச்சா? என் கேமை நான் தெறந்தேன். காசு குடுத்து நானே வாங்கினது. காத்திருக்கவும், காத்திருக்கவும்னு ஒரு வட்டம் சுத்துது. இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு, பாருங்க அந்தத் திரையில. உள்ள அவ ஆடறாளே, அது எப்படித் தெறந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா? அது திருட்டுக் காப்பி.

இருங்க, இருங்க, ஏணியில ஏறிக்கிட்டே கேளுங்க. என் கேமை எவனோ திருடிட்டான் தம்பி. பூட்டை ஒடச்சு, எல்லாரும் ஓசியில எடுத்துக்கிற பக்கத்துல போட்டுட்டான். முந்தின நாள்தான் ஓசி மன்னன் என்னைக் கேட்டிருந்தான், ஐயா, உங்க கேமை யாரும் திருடவே இல்லையே, அப்புறம் உங்களுக்கு என்ன கவலைன்னு. சுருக்குன்னுச்சு. அத்தனை பேரும் சிரிச்சானுங்க. மறுநாளே திருட்டுப் போச்சு. எடுத்துக் காட்டினேன், பாருங்கடா, என் வயித்துல அடிச்சுட்டானுங்கன்னு.

இவ அழுவான்னு பயந்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கேட்டுட்டு அவ மொகம் எப்படி ஆச்சுங்கறீங்க? கல்யாணத்தன்னிக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் இல்ல. ஒடனே அவங்க அக்காவுக்குப் போன். என் படத்தைத் திருடிட்டாங்கக்கான்னு, ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்றா. அப்புறம் அவளே அந்தப் பக்கத்துக்குப் போயி, தன்னோட கேமைத் தானே திருட்டுக் காப்பியா எறக்கினா. எல்லாரும் எடுக்கறாங்களே, நானும் ஒண்ணு எடுக்கறேன்னா.

அதுக்குக் கீழ எவனோ எழுதியிருந்தான். யாரு, எந்த ஊருன்னு தெரியாது. தெருவுல தேங்கி நிக்கற தண்ணியில ஒரு மாடி வீட்டு விளக்கு ஆடுதே, அத வரைஞ்சவங்க யாருங்கன்னு கேட்டிருந்தான். அந்த ஒரு வரிதான். காலையில எந்திரிச்சதும் அத எடுத்துக் காட்டுன்னுவா. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்து ஒரு தடவை. ரெண்டு வருஷமா வரைஞ்சவளை யாருன்னு வெளிய ஒரு ஆளு கேட்டது இப்பதான். இன்னிக்குக் காலையிலயும் வந்து நின்னா. நெட் இல்லைன்னேன். சரின்னு போய் கேமை ஆட ஆரம்பிச்சவதான், இன்னும் ஆடறா. குரூப்பு கிடக்கட்டும் தம்பி, எனக்கு அந்த வரி வேணும். அதுக்காகவாவது சீக்கிரம் பாருங்க.

என்ன? வயர் நல்லா இருக்கா? வெளிய பெட்டியிலயும் சரியா இருக்கா? அப்ப எங்கதான் கோளாறு? ஆபீசுல கேக்கறீங்களா? கேளுங்க, கேளுங்க. பதிவு பண்ணின அம்மாகிட்ட மட்டும் குடுத்துடாதீங்க.

...என்கிட்டயா? குடுங்க. வணக்கம்மா. ஆமாம்மா, நான்தான். என்னது, நீங்களே நிறுத்தியிருக்கீங்களா? புகாரா? இந்த லைன்லேருந்து திருட்டுச் சரக்கு ஏத்தியிருக்காங்கன்னா? யாரும்மா புகார் குடுத்தது?

...

கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா. இந்தப் போன் சத்தமா கேக்குது.

ஆமா. அந்தப் பேர் என் பேருதான்.

இல்லம்மா, அது... வாபஸ் வாங்கிக்கறேன்மா. புகார் குடுத்தவருக்கு மனசு எளகிடுச்சுன்னு எழுதிக்குங்க. எளகினா மட்டும் போதாதா? திருடினவரு அந்தக் காப்பிய எடுத்துட்டு, புகார் குடுத்தவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமா? கேட்டாச்சும்மா, இப்பத்தான் கேட்டேன், அவரும் மன்னிச்சுட்டாரு. சரி, சரி, காப்பிய எடுக்கணும். எடுக்கறதுக்கு நெட் வேணுமேம்மா. நெட் குடுத்தாத்தான் எடுக்க முடியும், எடுத்தாத்தான் நெட்டுன்னா நான் எந்த வாசல் வழியா உள்ள போறது? அலோ? அம்மா?

வச்சுட்டாங்க.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. உக்காருங்க. கதவ அப்படிக் கொஞ்சம் சாத்துங்க, மழைச் சத்தம் நின்ன மாதிரி இருக்கு. நான்தான் போட்டேன். பூட்டை ஒடச்சதும் நான்தான். என் பூட்டை ஒடைக்க எனக்கே ஒரு முழு ஞாயித்துக்கிழமை ஆச்சு, அவ்வளவு நல்ல பூட்டு. பின்ன என்ன பண்றது? திருடக்கூட லாயக்கில்லாத பொருளுன்னு சொல்றான். அத நான் கேட்டுக்கலாம், டயர் கடையில இதவிடக் கேட்டிருக்கேன். ஆனா அது அவ தெரு. அப்படிப் போட்டதும் அவனுங்க விட்டானுங்களா? அவ்வளவு நேர்மை நெஞ்சன்னா நெட் கம்பெனிக்குப் புகார் குடுக்க வேண்டியதுதானேன்னானுங்க. குடுக்கலைன்னா மாட்டிக்குவேன். குடுத்தேன். லைன் மந்தமா இருக்குன்னு நான் எத்தனை புகார் குடுத்திருக்கேன் உங்க ஆபீசுக்கு? ஒருத்தனாவது எட்டிப் பாத்திருக்கானா? இதையும் அப்படியே தூக்கிப் போட்டுடுவாங்கன்னு நெனைச்சேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் மறுநாளே முழிச்சுக்கறாங்க. பொறுப்பில்லாத கம்பெனி தம்பி.

இப்ப அந்தக் காப்பிய எடுத்தா, கீழ இருக்கிற அந்த வரியும் சேந்து போயிடும். எலி வயரைக் கடிச்சுடுச்சுன்னு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், நான் அதுக்குள்ள வேற வழி...

...ஏம்மா, எப்ப வந்து நின்னே?

எல்லாம் கேட்டுட்டியா? சரி. நான்தான். ஒத்துக்கறேன். என்ன கேக்கறே? ஐயையோ, இல்ல. அந்த விளக்கைப் பத்தி எழுதினது நான் இல்ல. சத்தியமா இல்லம்மா. கேமைப் போட்டது நான், பூட்டை ஒடச்சது நான், புகாரும் நான். அந்த ஒரு வரி மட்டும் என்னுது இல்ல. எப்படி நம்பறதுன்னா... நெட் இருந்தா காட்டுவேன், அந்த ஆளு வேற எத்தனையோ கேமுக்குக் கீழயும் எழுதியிருக்கான். நெட் இல்லையே. இரு, யோசிச்சுப் பாரு. அந்த மாடி விளக்கு வேணாம்னு ஒன்கிட்ட சொன்னதே நான்தானே? தண்ணியில போய் எவன் விளக்கைப் பாக்கப் போறான், கேமு கனத்துப் போயிடும், அழிச்சுடுன்னு எத்தனை தடவை சொன்னேன்? நீதான கேக்கல? அப்படிச் சொன்னவன் அத நல்லா இருக்குன்னு எழுதுவானா? நீயே சொல்லு.

...

கேட்டீங்களா தம்பி? "அது சரி. நீங்க எழுதியிருக்க மாட்டீங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

நம்பிட்டா, பாத்தீங்களா. இத்தனை வருஷமா அந்தக் குரூப்புல பேசறேன், ஒருத்தனையும் ஒண்ணையும் நம்ப வைக்க முடிஞ்சதில்ல. இங்க ஒரே பேச்சுல... இப்ப உங்க செல்ல ஒரு நிமிஷம் குடுத்தீங்கன்னா அந்தப் பக்கத்தை அவளுக்கு... தம்பி?

ஏணி இங்கதானே இருக்கு. ஆளக் காணோமே. ஏணிய விட்டுட்டா ஒரு லைன்மேன் ஓடுவாரு?

ஏம்மா. கோவமா? மழைச் சத்தம் மறுபடி கேக்குது, நீ ஆடறது தெரியுது. இங்க என்னுது தெறக்க மாட்டேங்குது, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அந்தத் திருட்டுக் காப்பிய எனக்கும் கொஞ்சம் காட்டேன். கொடையெல்லாம் புடிக்க வேணாம். அந்தத் தண்ணிகிட்ட போய் நில்லு. அந்த விளக்கு எப்படி இருக்குன்னு நான் இன்னும் பாத்ததே இல்ல.