பலகைக்கு வெயில், ஐஸுக்குப் புகை

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் எமில்ராஜ் அவர்களே! அருட்தந்தை அவர்களே! கனடாவிலிருந்து கடல் கடந்து, குளிர் கடந்து வந்து, குருநகர் வெக்கையில் கோட்டோடு வியர்த்துக்கொண்டிருக்கும் கொடைவள்ளல் லெனாட் அவர்களே! கரையைக் காக்கும் பெரியோரே! சந்தையில் மீன் விற்றுச் சந்ததியைப் படிக்கவைத்த தாய்மாரே! எல்லோருக்கும் மேலாக, மேடைக்குப் பின்னால் நின்று என்னைவிட உரத்துப் பேசும் ஜெனறேற்றர் அவர்களே! அனைவருக்கும் என் மாலை வணக்கம்!

என்ன, சிரிக்கிறீர்கள்? இன்று நடப்பது பசுமை எரிசக்தி விழா! புகையில்லாப் புதுவுலகைப் பற்றி நான் முழங்க, இந்த ஒலிவாங்கிக்கு உயிர் கொடுப்பது டீசல்! கண் எரிகிறதா தாய்மாரே? பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பெயர் வளர்ச்சி.

வளர்ச்சி வேண்டாம் என்பவனா நான்? படகு பெருகியிருக்கிறது, பிடிபடும் மீன் பெருகியிருக்கிறது, ஐஸும் பெருகத்தானே வேண்டும்! அந்த ஐஸுக்கு எதை எரிப்பது, எவ்வளவு கரியை வானத்துக்கு அனுப்புவது? அதுதானே கேள்வி! அதற்கு லெனாட் அழகான விடை தந்தார். சங்கத்து ஐஸ் ஆலையின் கூரை நிறையச் சோலர் தகடுகள்! சூரியன் சம்பளமும் கேட்காது, சங்கத்தில் பதவியும் கேட்காது.

நாங்கள் என்ன செய்தோம்? உபயகாரர் பெயரில்லாமல் எங்கள் ஊரில் ஒரு கதிரையாவது உண்டா? மின்விசிறி சுற்றினால் உபயமும் சேர்ந்தல்லவா சுற்றுகிறது! ஆகவே லெனாட்டின் தகப்பனார், அமரர் சந்தியோகு அவர்களின் பெயர் பொறித்துப் பலகை செய்தோம். சின்னப் பலகையா? அவருடைய படகைவிட நீளம்! எங்கே நாட்டினோம்? றோட்டால் போகிறவர்கள் பார்க்கவேண்டுமென்று கூரையின் தெற்கு விளிம்பில், தகடுகளுக்கு நேர் முன்னால்!

தை மாதத்துச் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. வெயில் பலகைக்கு, நிழல் தகடுகளுக்கு! முன்வரிசையில் நிழல் விழ, ஒரே கம்பியில் கோத்த பின்வரிசையும் சேர்ந்து சோர்ந்துவிட்டது. பகலில் ஜெனறேற்றர் ஐஸ் செய்கிறது. பொழுதுபட்டால் அதே ஜெனறேற்றர் பலகைக்கு விளக்குப் போடுகிறது. சூரியனை மறைத்த பெயரை டீசல் ஊற்றிப் படிக்கிறோம், ஐயா!

கை தட்டாதீர்கள். போன கிழமை ஜெனறேற்றர் படுத்துவிட்டது. கூரை நிறையத் தகடு, வானம் நிறைய வெயில், பெட்டியில் ஒரு துண்டு ஐஸ் இல்லை! அதோ கடைசி வரிசையில் இருக்கும் செபஸ்தியம்மா, விற்க வாங்கிய பாரை மீன் முழுவதையும் மண்ணில் புதைத்தார். புதைத்துவிட்டு என்னைக் கேட்டார்:

"தம்பி, உந்த வெயிலெல்லாம் ஆருக்கு எறிக்குது?"

தலைவரிடம் ஓடினேன்.

"வளர்ச்சி எண்டால் புகை வரத்தான் செய்யும் அண்ணை. இன்னொரு பெரிய ஜெனறேற்றர் எடுப்பம்," என்றார்.

"பலகையைக் கழட்டினால் என்ன?"

"ஐயோ, லெனாட் கோவிப்பார்!"

ஆகவே, அன்பர்களே, பசுமை விழாவின் நிறைவு நிகழ்ச்சியாக இன்னொரு ஜெனறேற்றருக்குக் கை உயர்த்தப் போகிறீர்கள்! வாழ்க பசுமை!

லெனாட் அவர்களே, உங்கள் தகப்பனார் பிடித்த மீனைச் சந்தைக்குச் சுமந்தவர் இந்தச் செபஸ்தியம்மா. இன்று அவருடைய மீனை அழுகவைப்பது உங்கள் தகப்பனாரின் பெயரா? அந்தப் பெயருக்கு நாங்கள் செய்யும் மரியாதை இதுதானா? ஆலைச் சுவரில் ஏணி சாத்தியிருக்கிறேன். ஊர் கை உயர்த்துமுன் நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கள்!

என்ன, எழும்புகிறீர்கள்? கோட்டைக் கழற்றுகிறீர்கள்? இதோ, ஒலிவாங்கி!

"அப்பான்ரை பேரை ஐஸ் பெட்டியிலை எழுதுங்கோ அண்ணை. வெளிச்சம் இருக்கேக்கை ஏறுவம். ஆராவது ஏணியைப் பிடியுங்கோ."

கேட்டீர்களா தாய்மாரே! தலைவர் அவர்களே, உயர்த்த வைத்திருந்த கையால் ஏணியைப் பிடியுங்கள்! மேடைக்குப் பின்னால் நிற்பவர்களே, அந்த ஜெனறேற்றரை நிறுத்துங்கள்! ஒலிவாங்கி போனால் போகட்டும், எனக்குத் தொண்டை இருக்கிறது!

ஆ... நின்றுவிட்டது. கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கிறதா, செபஸ்தியம்மா?

நன்றி! வணக்கம்! வாருங்கள், ஏணியடிக்குப் போவோம்!