அறுநூற்று ஐம்பது கிராம்

என் இடது காதைப் பார்த்து நீங்கள் மூவரும் சங்கடப்பட வேண்டாம். கல்லூரியில் நாலு வருஷம் மல்யுத்தம் செய்ததில் அப்படிச் சுருண்டுவிட்டது. காது நன்றாகவே கேட்கும். நிதானமாகக் கேளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

வீரன் என்ற முறையில் நான் பெரிய ஆள் இல்லை. நாலு வருஷத்தில் மூன்று வெற்றி. அதில் ஒன்று, எதிராளி பஸ்ஸைத் தவறவிட்டதால் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் ஒரு மெத்தைக் கடையில் சேர்ந்தேன். வாடிக்கையாளர் கண்ணெதிரே மெத்தையில் தொப்பென்று விழுந்து காட்டுவது என் வேலை. அழகாக விழுகிறேன் என்று முதலாளிக்கு என்மேல் தனி மதிப்பு. ஆனால் அந்த மெத்தைகளில் வேர்வை வாசனையே இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு நம் பயிற்சிக் கூடத்துக்கு வந்து, சம்பளமில்லாமல் தரை துடைத்தேன், துண்டு துவைத்தேன், பையன்களின் கைகால் பிடித்துவிட்டேன்.

உதவிப் பயிற்சியாளர் பதவி ஒன்றே ஒன்று. அதில் விசில் உட்கார்ந்திருந்தார். பேசும்போதுகூட விசிலை வாயிலிருந்து எடுக்காததால் அந்தப் பெயர். தங்கமான மனிதர். என் காது வீங்கிய அன்று ஐஸ் வைத்தவர் அவர்தான். அவர் ஓய்வு பெற இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தது. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். இதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை. அவரைப் பற்றிக் கோள் மூட்டவோ மொட்டைக் கடிதாசி எழுதவோ எனக்கு மனசு வரவில்லை. என்னை அப்படி வளர்க்கவில்லை.

ஆகவே எடை மெஷினைக் கவனித்தேன்.

மல்யுத்தத்தில் ஒவ்வொருவனும் தன் பிரிவுக்குரிய எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போட்டி கிடையாது. அதனால் அந்தக் கூடத்தில் மெஷின் சொல்வதுதான் தீர்ப்பு. மாதம் ஒருமுறை அதன் பின்பக்கப் பொத்தானை அழுத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்த இருபது கிலோ பிளேட்டை மேலே வைப்பேன். ‘இதுதான் இருபது’ என்று மெஷின் மனப்பாடம் செய்துகொள்ளும். விசில் என்னை நம்பி ஒப்படைத்த வேலை அது.

அக்கா வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பிளேட்டின் அடிப்பக்கத்தைக் கடைந்து அறுநூற்று ஐம்பது கிராம் எடுக்கச் சொன்னேன்.

“எதுக்கு மாப்ள? நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

“தூக்குற பசங்களுக்கு இடுப்பு வலிக்குதாம் மச்சான்.”

பாவம், அவர் இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். எதிலும் ஓர் அளவு வேண்டும்.

அன்றிலிருந்து அறுபது கிலோ ஆளை மெஷின் அறுபத்திரண்டு என்றது. விசில் பதறிப்போனார். பையன்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி ஓடினார்கள். முதல் போட்டியில் அங்கிருந்த மெஷின் எல்லோரையும் இரண்டு கிலோ குறைவாகக் காட்டியது. மேடையேறியவர்கள் நிற்கத் தெம்பில்லாமல் வரிசையாகத் தோற்றார்கள்.

“நம்ம மெஷின்லதான் ஏதோ கோளாறு சார்,” என்றார் விசில், தலைமைப் பயிற்சியாளரிடம்.

இருவரும் வந்து, மஞ்சள் பிளேட்டை எடுத்து மெஷின் மேல் வைத்தார்கள். சரியாக இருபது காட்டியது. போட்டி நடத்தியவர்களின் மெஷின்தான் மோசம் என்று தலைமைப் பயிற்சியாளர் இரண்டு பக்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினார். எழுத்துப் பிழைகளை நான் திருத்திக் கொடுத்தேன்.

குருவி என்று ஒருவன் இருந்தான். ஐம்பத்தேழு கிலோ பிரிவு, கடைசி வருஷம். அடுத்த போட்டியில் ஜெயித்தால் தேசிய அணிக்குத் தேர்வாவான் என்று எல்லோரும் சொன்னார்கள். நம் மெஷின் அவனை ஐம்பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல், பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு நண்பகல் வெயிலில் ஓடினான். பதினோராவது சுற்றில் விழுந்தான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அரை கிலோமீட்டர் ஓடி மருத்துவமனையில் சேர்த்தவன் நான். ரொம்ப லேசாக இருந்தான். அப்போது யாரோ எடுத்த புகைப்படம் இன்னும் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. தயவுசெய்து கிழிக்க வேண்டாம்.

அந்த வாரமே விசிலை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாமான் கட்ட நான்தான் உதவினேன். அவர் தன் விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“பசங்களப் பாத்துக்கப்பா,” என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து விசிலைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தேன். சுத்தம் முக்கியம்.

பதவி ஏற்றதும் முதல் வேலையாக வேறொரு நல்ல பிளேட்டை வைத்து மெஷினைச் சரிசெய்தேன். மறுநாள் காலை அத்தனை பேருக்கும் இரண்டு கிலோ குறைந்திருந்தது. தலைமைப் பயிற்சியாளர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

“ஒரே நாள்ல எப்படிய்யா?”

“ஒழுக்கம் சார்,” என்றேன்.

மஞ்சள் பிளேட்டைக் குப்பையில் போட்டிருந்தால் இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். கல்லூரிச் சொத்தை வீணாக்க எனக்குக் கை வரவில்லை. பெயின்டைச் சுரண்டி, பளு தூக்குகிறவர்களின் அடுக்கில் வைத்துவிட்டேன். அங்கே ஒரு பெண், கம்பி ஒரு பக்கம் சாய்கிறது என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். அப்புறம் பிளேட்டை நிறுத்துப் பார்த்து, லேத்தில் கடைந்த தடம் கண்டு, விசாரணைக் குழுவினர் நீங்கள் என் மச்சானைக் கூப்பிட்டீர்கள். உட்காரச் சொல்வதற்கு முன்பே அவர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாராம்.

குருவியைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். பார்க்காமல் இருப்பேனா? நியமன உத்தரவு கிடைத்த அன்றே, உத்தரவும் கையுமாகப் போனேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன, வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், இனி மல்யுத்தம் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, நான் ஒழுங்கா எடையக் குறைச்சிருந்தா சாருக்கு வேலை போயிருக்காது. உங்களுக்கும் எவ்ளோ அலைச்சல். எல்லாம் என்னாலதான். மன்னிச்சிடுங்கண்ணே,” என்று அழுதான்.

நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, மன்னித்துவிட்டேன்.