டிரம்மர் ராஜசிங்கின் கைகள்

உட்கார்ந்து பேசினால் எனக்கு வார்த்தை வராது, லேபர் ஆபீசர் ஐயா. கிளாரினெட்காரன் நின்றே பழகியவன். நடந்துகொண்டே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஞானமுத்து. தாயில்பட்டியில் ஒரு வெடி ஆலையில் ஃபோர்மேன். கல்யாணம், திருவிழா என்றால் பேண்டு செட் நடத்துவேன். 1954இல் வாத்தியார் மகன் ராஜசிங் என் செட்டில் டிரம் அடிக்கச் சேர்ந்தான். அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் கம்பி, சாப்பிட உட்கார்ந்தால் தட்டு, எதையாவது தட்டிக்கொண்டே இருப்பான்.

ஐந்தே வருஷத்தில் விருதுநகரிலிருந்து கோவில்பட்டி வரை அவன் பேச்சுத்தான். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் என்னிடமே, "ராஜசிங் வருவாருல்லா?" என்று கேட்பார்கள். நான் வருத்தப்படவில்லை. அவனுக்கு முதல் குச்சி வாங்கிக் கொடுத்தவன் நான்.

1964இல் மதராஸிலிருந்து கடிதம் வந்தது. மின்சாரக் கிட்டார் வைத்து இங்கிலீஷ் பாட்டு வாசிக்கிற ஒரு கோஷ்டிக்கு அவன் வேண்டுமாம்.

"அண்ணே, நீங்கதான் அப்பாட்ட சொல்லணும்."

"எப்பலே போற?"

"கோயில் திருவிழா முடிஞ்ச மறுநாள்."

நானே போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினேன். ஆனால் அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஆலைக்குள் ஷெட்டு ஷெட்டாக நடந்தேன். மதராஸ் பெரிய ஊர். இவன் இளகின மனசுக்காரன், ஏமாற்றிவிடுவார்கள். அங்கே யாரை அண்ணே என்று கூப்பிடுவான்?

சப்பரம் கிளம்பும்போது முதல் வெடியை ராஜசிங்தான் கையில் பிடித்துக் கொளுத்தி மேலே வீசுவான். கூட்டம் அதற்காகவே நிற்கும். வருஷா வருஷம் அந்த வெடியைக் கொண்டுவருகிறவன் நான். அந்த வருஷம் மெதுவாக எரியும் திரியை எடுத்துவிட்டு, வேகமாக ஓடும் திரியை வைத்தேன். அந்த வாரத்தில் என் கால் ஓய்ந்து நின்றது அந்தப் பத்து நிமிஷம்தான்.

வீசுமுன்பே வெடித்தது. ராஜசிங்கின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இடது கையில் இரண்டு விரல்கள் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டான். "அண்ணே, திரி ஏன் அம்புட்டு வேகமா ஓடுச்சு?"

"மாடத்தி மாத்தி வச்சிட்டா," என்றேன். ஆலையில் திரி வைக்கிற பெண் அவள். மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்தினேன். பிறகு எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. நான்கு வருஷம் கழித்து அவள் கொடுத்த மனுதான் உங்கள் மேசையில் இருக்கிறது. அவள் மேல் தப்பில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராஜசிங் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். சாப்பிடும்போது அவன் கால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். என் காலை அதன்மேல் வைத்து அழுத்துவேன். அடங்கிவிடும்.

மணி பன்னிரண்டு ஆகிறது, ஐயா. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்வருகிறேன். வேறு யார் ஊட்டினாலும் அவன் வாய் திறக்கமாட்டான்.