தீவுக்கு முன்னால் ஒரு கிணறு

— அந்த மீனு ஆள விழுங்காதுல்லா? தெளிவாச் சொல்லுலே சுடல.

— விழுங்காது அண்ணாச்சி. திமிங்கலச் சுறான்னு பேருதான் பெருசு. நம்ம கோவில்பட்டி டவுன் பஸ் நீளம் இருக்கும். வாயத் தொறந்துட்டுப் பொடிப் பூச்சியத் தின்னுட்டு அது பாட்டுக்குப் போவும். நா வேல பாக்குற தீவுல ஆறு வருசமா ஆளுகளக் கூட்டிட்டு முங்குதேன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.

— மவ சிங்கப்பூர்லருந்து உன் தீவுக்கு டிக்கெட்டே போட்டுட்டா. பேரனுவ முங்கும்போது நா பயந்து படகுல உக்காந்திருந்தா இந்த உக்கிரபாண்டிக்கு மரியாதையா? அதுக்குத்தான் உன்னயக் கூப்பிட்டேன், வெளங்குதா?

— வெளங்குது. கடலுக்கு முந்திக் கிணத்துல பழகுறது நல்லதுதான்.

— நல்லவேள, இது வத்தல. போர் போட்ட பெறவு இங்கன எவன் இறைக்கான்? இங்கன வேல பாத்த உங்க அப்பன் கருப்பசாமி மோட்டாரக் களவாண்டு நாலு வருசம் ஆச்சு. அன்னைக்கு விட்டதுதான்.

— இந்தக் காத்து சிலிண்டர முதுகுல மாட்டிக்கிடுங்க அண்ணாச்சி.

— நா அத மறந்துட்டேன்லே. மனசுல வச்சிருந்தா உன்னய இந்தத் தோட்டத்துல கால் வைக்க விடுவனா, வெளங்குதா?

— பெரிய மனசு அண்ணாச்சி. குழாய வாயில கடிச்சிக்கிடுங்க. மூச்ச மெதுவா விடணும். பயம் வந்தா என் கையப் பிடிங்க. அடித்தரை வரைக்கும் போவோம்.

— அடி வரைக்கும் எதுக்குலே?

— ஆழம் பழகணும்லா. கடிங்க. மெதுவா... மெதுவா...

— குழாயக் கழத்துங்க அண்ணாச்சி. மேல வந்தாச்சு. இனி வெளிக்காத்துதான், இழுங்க.

— ஏலே... அடியில சகதிக்குள்ள அது என்னதுலே?

— தொட்டுப் பாத்தீங்கள்லா. உங்க மோட்டாருதான். போல்ட்டு ஒண்ணுகூடக் கழலல. உளுத்த மரச்சட்டத்தோட சேந்து விழுந்து கெடக்கு. சட்டத்த மாத்துங்கன்னு எங்க அப்பா மூணு மட்டம் உங்க வாசல்ல வந்து நின்னாவ. அடுத்த வெள்ளாமைக்குப் பாப்போம்னீங்க. பெருமழை பேஞ்ச மறுநா மோட்டாரக் காணலன்னு அவியள வேப்பமரத்துல கட்டி வச்சீங்க.

— சத்தியமா எனக்குத் தெரியாதுலே.

— கிணத்துல தேடுங்கன்னு காலப் பிடிச்சாவ. களவாணி கத சொல்லுதான்னு அடிச்சீங்க. ஊரு மொகத்துல முழிக்க மாட்டாம எட்டு மாசம் வீட்டுக்குள்ளயே கெடந்தாவ. பெறவு பாடையிலதான் வெளிய வந்தாவ. கொள்ளி வைக்கக்கூட தீவுலருந்து நா வந்து சேரல. இப்ப அடியில உங்க காத்த அடைக்க ஒரு நிமிசம் ஆயிருக்காது. அடைக்கணும்னுதான் கை துடிச்சுது.

— வேண்டாம்லே... நா தப்புப் பண்ணிட்டேன். உங்க அம்மாட்ட நானே வந்து சொல்லுதேன். ஊருக்குத் தெரியாம, பொழுது சாயவும் வாரேன்.

— சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? மேல பாருங்க. அம்மா கிணத்து மேட்டுலதான் நிக்காவ. ஊரும் நிக்கு.

— யாத்தா... பேச்சித்தாயி, எல்லாம் காதுல விழுந்திருக்குமே. குதிச்சு எறங்கியாச்சு, படியெல்லாம் இடிஞ்சு கெடக்கு, ஏற முடியல. உன் கையில இருக்க அந்தக் கயித்த எறக்குத்தா. என்னயத் தூக்கி விடு.

— ஏலே சுடல, கயித்த எறக்குதேன், மோட்டாருல கட்டு. மொதல்ல அது ஊரு முன்னால ஏறட்டும். அண்ணாச்சிக்கு மீனு பாக்கணும்லா, அதுவரைக்கும் அங்கனயே மெதக்கட்டும்.