மெக்சன் என்று பெயர் வந்த கதை

எந்த ராஜா ஆண்டான் என்று கேட்டால் சொல்லத் தெரியாத காலம் அது. இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்கார்விக் என்று ஒரு ஊர் இருந்ததாம்.

ஊருக்கு எதிரே வளைகுடா. அதற்கு அக்கரையில் சில குடிசைகள். கடல் உள்வாங்கினால் நடுவிலே வெறும் மணல்வெளி. ஜனங்கள் நடந்தே கடப்பார்கள். ஆனால் அந்த மணலில் ஓடும் ஆறு அடிக்கடி தடம் மாறும். நேற்று வண்டி போன இடம் இன்றைக்குப் புதைமணல். அதனால் ஊரில் வழிகாட்டி என்று ஒருவன் உண்டு. கடல் இறங்கியதும் கோலால் குத்திப் பார்ப்பான். கெட்டியான இடமாகப் பார்த்து மரக்கிளைகளை வரிசையாக நட்டுக்கொண்டு போவான். கிளை நிற்கும் வழியில் போனால் கரை சேரலாம்.

அந்த வழிகாட்டியின் பெயர் ஹியூ. அவன் பெண்டாட்டி மெக்.

ஒரு பனிக்காலத்தில் ஹியூ காய்ச்சலில் விழுந்தான். ஆறோ தடம் மாறிவிட்டது. "நான் போய் நட்டுட்டு வரேங்க" என்றாள் மெக்.

"பழசைப் பிடுங்கிட்டுப் புதுசை நடு, மெக். மறந்துடாதே."

"எனக்குத் தெரியாதா? உங்க பின்னாடியே எத்தனை தடவை வந்திருக்கேன். பேசாம படுங்க."

போனாள். குத்திப் பார்த்தாள். புது வழியைக் கண்டுபிடித்தாள். முதலில் நட்டுவிடுவோம், பிறகு பிடுங்குவோம் என்று நட்டாளாம். நட்டு முடிக்கவும் மூடுபனி இறங்கவும் சரியாக இருந்தது. பழைய வரிசை அப்படியே நிற்கிறது. 'இந்தப் பனியில் எவன் வரப்போகிறான்? அங்கே மனுஷன் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் கிடக்கிறான்' என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கஞ்சியை அடுப்பில் வைத்தாள். அப்போதுதான் கேட்டது. மணல்வெளிப் பக்கமிருந்து ஒரு பச்சைக்குழந்தையின் அழுகை.

ஹியூ கண்ணைத் திறந்தான். "பழசைப் பிடுங்கிட்டே இல்ல?"

மெக் கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

புது வரிசையோடு ஓடினாள். இரண்டு வரிசையும் பிரிகிற இடம் வந்தது. பழைய வரிசையில் திரும்பினாள். அங்கே அக்கரை வில்கினின் ஒற்றைக் குதிரை வண்டி, அச்சு வரைக்கும் புதைந்து நிற்கிறது. பிறந்த மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஸ்கார்விக் கோயிலுக்குப் புறப்பட்டவன் அவன். பிள்ளை பெற்றவள் வீட்டில் படுத்திருக்க, வண்டியிலே அவன் தங்கை ஆலிஸ். அவள் மடியிலே குழந்தை.

"யாரது? ஹியூவா?"

"அவருக்குக் காய்ச்சல். நான் மெக். வண்டியை விட்டுட்டு வாங்க அண்ணே."

"விட்டுட்டு வரதா? உன் புருஷன் நட்ட கிளையை நம்பித்தானே வந்தேன்!"

"அவர் மேல தப்பில்ல. பிடுங்காம விட்டது நான். சண்டையைக் கரையில வச்சுக்கலாம். கடல் திரும்பிடுச்சு, கேளுங்க!"

கேட்டார்கள். நெல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம் தூரத்தில் வந்தது.

"இந்தக் குதிரை போனா என் உழவே போச்சு. பிள்ளையைத் தூக்கிக்கோ. ஆலிஸ், நீயும் போ. வாரை அறுத்துட்டுப் பின்னாலேயே வரேன்."

மெக் குழந்தையை வாங்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். ஆலிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கிளை தாண்டினார்கள்.

"அண்ணா!"

"வரேன்!"

இன்னொரு கிளை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது.

"அண்ணா!"

"வரேன், போ!"

இன்னொரு கிளை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"அண்ணா!"

குதிரை கனைத்தது.

இன்னொரு கிளை.

"அண்ணா!"

தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

ஆலிஸ் திரும்பினாள். மெக் கையை விடவில்லை. "விடுங்க என்னை!" "விட மாட்டேன். நீ திரும்பினா நானும் வரணும். பிள்ளை என்கிட்ட இருக்கு." ஆலிஸ் அழுதுகொண்டே நடந்தாளாம். இடுப்பளவு தண்ணீரில் கரையேறினார்கள். வில்கின் வரவேயில்லை.

மறுநாள் கோயிலில் ஊரே கூடியது. நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்வது போல, அந்த நாட்டில் அப்பா பெயரோடு மகன் என்பதைச் சேர்த்துச் சொல்வார்களாம். பாதிரியார் கேட்டார். "வில்கினின் மகன். வில்கின்சன். சரிதானே அம்மா?"

"இல்லீங்க சாமி" என்றாள் குழந்தையை ஏந்தி நின்ற அத்தை ஆலிஸ். "மெக்கின் மகன். மெக்சன்னு கூப்பிடுங்க."

"நன்றிக்காகவா?"

"நன்றியும் உண்டு. இவங்க கையாலதான் இவன் வந்தான். இவங்க விட்ட கிளையாலதான் எங்கண்ணன் போனான். இவனை யார் கூப்பிட்டாலும் இவங்க காதுல ரெண்டும் விழட்டும்."

எல்லோரும் மெக்கையே பார்த்தார்கள். அவள் கிட்டே வந்து, குழந்தையின் நெற்றியைத் தொட்டாள்.

"விழட்டும்" என்றாளாம்.

அவன் வளர்ந்தான். அவன் பிள்ளைகளும், அவர்கள் பிள்ளைகளும் மெக்சன் ஆனார்கள். வேறு ஊர்களிலும் மெக்சன்கள் உண்டு. அவர்களுக்கு வேறொரு மெக், வேறொரு கதை இருக்கும். ஸ்கார்விக்கில் மட்டும் ஒரு வழக்கம். மணலில் இறங்கும் முன்னே, கூட்டத்தில் இருக்கும் மெக்சன் ஒருவர் வழிகாட்டியிடம் கேட்க வேண்டும்.

"பழசைப் பிடுங்கியாச்சா?"

"பிடுங்கியாச்சு" என்ற பதில் வந்த பிறகுதான் அங்கே யாரும் காலை எடுத்து வைப்பார்களாம்.